நீக்கல் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரியச் சமன்பாடுகளின் தொகுப்பை நீக்கல் முறையில் தீர்ப்பது பற்றி மாணவர்களும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எப்படிச் செய்வது என்பதைப் பலரும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஏன் அப்படிச் செய்யலாம் என்பதில்தான் பலர் நிற்பதில்லை. பின்னால் மூன்று மாறிகளும் அணிகளும் வரும்போது தடுமாறுவது அதனால்தான். அதனால் அந்த "ஏன்" என்ற பகுதிக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

பாடநூல்களில் மாறிகளை எக்ஸ், ஒய், இசட் என்று எழுதுவார்கள். இந்தப் பக்கத்தில் ப, ல, ந என்று எழுதியிருக்கிறேன். எழுத்து எதுவாக இருந்தாலும் கணக்கு மாறாது.

நீக்கல் முறை என்றால் என்ன?

இரண்டு சமன்பாடுகளில் இரண்டு மாறிகள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறி மறைந்துபோகும்படி செய்கிறோம். மீதி ஒரே மாறி உள்ள சமன்பாடு. அதைத் தீர்ப்பது எளிது.

3ப + 2ல = 19 … (1)
5ப − 2ல = 5 … (2)

ஒன்றில் +2ல, மற்றொன்றில் −2ல. இரண்டையும் கூட்டினால் 8ப = 24, அதாவது ப = 3. இதை (1)-இல் போட்டால் 9 + 2ல = 19, எனவே ல = 5. தீர்வு (3, 5).

ஒரு சமன்பாட்டோடு இன்னொன்றைக் கூட்டலாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இருப்பது ஒரே எண். மேலே உள்ள (2)-இல் 5ப − 2ல என்பதும் 5 என்பதும் ஒன்றுதான். ஆகவே (1)-இன் இடப்பக்கத்தோடு 5ப − 2ல என்பதையும், வலப்பக்கத்தோடு 5 என்பதையும் கூட்டும்போது, இரண்டு பக்கமும் ஒரே அளவைத்தான் கூட்டுகிறோம். சமம் கெடாது.

ஆனால் பாதி நியாயம்தான் இது. (1), (2) இரண்டையும் நிறைவு செய்யும் எண்கள் புதிய சமன்பாட்டையும் நிறைவு செய்யும் என்று மட்டுமே இதிலிருந்து தெரிகிறது. புதிதாக ஏதாவது போலித் தீர்வு உள்ளே நுழைந்துவிடாதா? நுழையாது. காரணம், வந்த வழியே திரும்பிப் போகலாம். (1)-ஐயும் கூட்டிக் கிடைத்த 8ப = 24 என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பழைய (2) அப்படியே திரும்பக் கிடைக்கும். பழைய ஜோடியிலிருந்து புதிய ஜோடிக்கும், புதியதிலிருந்து பழையதற்கும் போக முடிவதால், இரண்டு ஜோடிகளுக்கும் தீர்வு ஒன்றே.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, புதிய சமன்பாடு கிடைத்ததும் பழைய இரண்டையும் தூக்கி எறியக் கூடாது. குறைந்தது ஒன்றையாவது கூடவே வைத்திருக்க வேண்டும். 8ப = 24 மட்டும் தனியாக நின்றால் ல பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டு, சமன்பாட்டை எந்த எண்ணாலும் பெருக்கலாம், பூச்சியத்தால் மட்டும் கூடாது. 3-ஆல் பெருக்கினால் 3-ஆல் வகுத்துத் திரும்பிவிடலாம். பூச்சியத்தால் பெருக்கினால் 0 = 0 தான் மிஞ்சும். அதிலிருந்து பழைய சமன்பாட்டை மீட்க வழியே இல்லை.

வரைபடத்தில் பார்த்தால் இது என்ன செய்கிறது?

இரண்டு மாறிகளில் உள்ள ஒவ்வொரு நேரியச் சமன்பாடும் ஒரு நேர்கோடு. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளிதான் தீர்வு. இரண்டு சமன்பாடுகளையும் ஏதாவது எண்களால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதும் ஒரு கோடு; அதுவும் அதே வெட்டும் புள்ளி வழியாகத்தான் போகும். பெருக்கும் எண்களை மாற்ற மாற்ற, அந்தப் புள்ளியைச் சுற்றிக் கோடு திரும்பிக்கொண்டே இருக்கும்.

இப்படிக் கிடைக்கும் எத்தனையோ கோடுகளில், நேர்செங்குத்தாக நிற்பதையோ கிடையாகப் படுப்பதையோ தேர்ந்தெடுப்பதுதான் நீக்கல். நம் கணக்கில் 8ப = 24 என்பது ப = 3 என்ற செங்குத்துக் கோடு. அது (3, 5) வழியாகப் போகிறது. ஒரு வரைபடத்தாளில் மூன்று கோடுகளையும் வரைந்து பார்த்துவிட்டால், இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பது பிறகு மறக்கவே மறக்காது. இரண்டு சமன்பாடுகளையும் வெறுமனே கழித்து 2ப − 4ல = −14 என்று எழுதி, அதையும் வரைந்து பாருங்கள். அதுவும் அதே புள்ளியைத் தொடும். ஆனால் சாய்ந்து நிற்பதால் தீர்வு நேராகத் தெரியாது.

கெழுக்கள் சமமாக இல்லையென்றால்?

கெழு என்பது மாறிக்கு முன்னால் நிற்கும் எண். அவற்றைப் பெருக்கிச் சமமாக்க வேண்டும்.

4ப + 3ல = 5 … (1)
6ப + 5ல = 7 … (2)

ப-ஐ நீக்க நினைத்தால் 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. (1)-ஐ 3-ஆல் பெருக்கினால் 12ப + 9ல = 15. (2)-ஐ 2-ஆல் பெருக்கினால் 12ப + 10ல = 14. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் ல = −1. (1)-இல் போட்டால் 4ப = 8, ப = 2.

மீச்சிறு பொது மடங்கு கட்டாயமா என்றால், இல்லை. (1)-ஐ 6-ஆலும் (2)-ஐ 4-ஆலும் பெருக்கி 24ப என்று கொண்டுவந்தாலும் 2ல = −2 என்று வந்து அதே விடைதான் கிடைக்கும். எண்கள் சிறியதாக இருந்தால் கைத்தவறு குறையும். அவ்வளவே.

எந்த மாறியை நீக்குவது என்பதும் நம் விருப்பம். நான் பார்ப்பது இந்த வரிசையில்: கெழுக்கள் ஏற்கெனவே சமமாக உள்ளனவா, அல்லது ஒன்று மற்றதன் மடங்கா, அது இல்லையென்றால் எதிரெதிர்க் குறிகள் எந்த மாறியில் இருக்கின்றன. எதிரெதிர்க் குறி இருந்தால் கூட்டினாலே போதும். கூட்டலில் தவறு வருவது கழித்தலைவிட மிகக் குறைவு.

கழிக்கும்போது குறி தப்பிப்போகிறது. என்ன செய்வது?

நீக்கல் முறையில் நடக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். ஒரு கணக்கை நெருக்கத்தில் பார்க்கலாம்.

2ப − 3ல = 12 … (1)
2ப + 5ல = −4 … (2)

(1)-இலிருந்து (2)-ஐக் கழிக்க வேண்டும். 2ப போய்விட்டது. அடுத்து −3ல-இலிருந்து +5ல-ஐக் கழித்தால் −8ல. வலப்பக்கம் 12 − (−4) = 16. எனவே −8ல = 16, ல = −2; ப = 3.

அவசரத்தில் என்ன நடக்கிறது என்றால், முதல் உறுப்பு மறைந்த மகிழ்ச்சியில் மற்ற உறுப்புகளுக்குக் கழித்தலை மறந்துவிடுகிறோம். −3ல + 5ல = 2ல என்று எழுதிவிடுகிறோம். வலப்பக்கம் 12 − 4 = 8 என்று வருகிறது. 2ல = 8, ல = 4. பார்க்க அழகான முழு எண் விடை. அதனால் சந்தேகமே வராது.

இதற்கு நான் சொல்லும் வழி: கழிக்கவே கழிக்காதீர்கள். (2)-ஐ முதலில் −1-ஆல் பெருக்கித் தனி வரியில் −2ப − 5ல = 4 என்று எழுதுங்கள். பிறகு கூட்டுங்கள். ஒரு வரி கூடும். ஆனால் குறி மாறுவது கண்ணுக்குத் தெரியும்படி தாளில் இருக்கும். பெருக்கும்போதே ஒரு சமன்பாட்டை எதிர்க்குறி எண்ணால் பெருக்கிவிட்டால் அந்தக் கூடுதல் வரியும் தேவையில்லை.

விடையைச் சரிபார்ப்பது எப்படி?

கணக்கில் கொடுத்த இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் சரிபார்ப்பே ஆகாது. ஏன் என்று மேலே உள்ள தவறான விடையை வைத்தே காட்டுகிறேன்.

ல = 4 என்பதை (1)-இல் போட்டால் 2ப − 12 = 12, ப = 12. இப்போது (12, 4) என்ற விடையை மறுபடி (1)-இல் சரிபார்த்தால் 24 − 12 = 12. பொருந்துகிறது! பொருந்தாமல் எப்படி இருக்கும்? ப-ஐக் கண்டுபிடித்ததே அந்தச் சமன்பாட்டிலிருந்துதானே. (2)-இல் போட்டால்தான் குட்டு வெளிப்படும்: 24 + 20 = 44. வர வேண்டியது −4.

பெருக்கி எழுதிய சமன்பாட்டில் சரிபார்ப்பதும் இதே குறை உடையது. பெருக்கியதிலேயே தவறு இருந்தால் அது அங்கே தெரியாது. மூலச் சமன்பாடுகளுக்கே போக வேண்டும்.

பின்னங்களும் தசமங்களும் இருந்தால்?

முதல் வேலையாக அவற்றை ஒழித்துவிடுங்கள்.

ப/2 + ல/3 = 4
ப/4 − ல/6 = 0

முதலாவதை 6-ஆல் பெருக்கினால் 3ப + 2ல = 24. இரண்டாவதை 12-ஆல் பெருக்கினால் 3ப − 2ல = 0. கூட்டினால் 6ப = 24; ப = 4, ல = 6. இதில் கவனிக்க வேண்டியது வலப்பக்கம். 3ப + 2ல = 4 என்று, இடப்பக்கத்தை மட்டும் பெருக்கி எழுதும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. தசமங்களுக்கு 10, 100 என்று பெருக்கினால் போதும்.

இரண்டு மாறிகளும் சேர்ந்து மறைந்துவிட்டன. நான் தவறு செய்துவிட்டேனா?

தவறு இல்லை. கணக்கு ஒரு செய்தி சொல்கிறது. மிஞ்சிய வரியைப் படியுங்கள்.

2ப − 3ல = 4
−4ப + 6ல = −8

முதலாவதை 2-ஆல் பெருக்கிக் கூட்டினால் 0 = 0. இரண்டாவது சமன்பாடு முதலாவதையே −2-ஆல் பெருக்கி எழுதியது. இரண்டும் ஒரே கோடு. அந்தக் கோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளும் தீர்வுகள்: (2, 0), (5, 2) என எண்ணற்றவை. ஆனால் "எண்ணற்ற தீர்வுகள்" என்பதை "எந்த எண்ணும் தீர்வு" என்று புரிந்துகொள்ளக் கூடாது. (0, 0) தீர்வு அல்ல. ல-க்கு விரும்பிய மதிப்பைக் கொடுக்கலாம்; கொடுத்ததும் ப = (4 + 3ல)/2 என்று உறுதியாகிவிடும்.

இரண்டாவதன் வலப்பக்கம் −8 இல்லாமல் 3 ஆக இருந்திருந்தால் 0 = 11 என்று வந்திருக்கும். எந்த எண்ணைப் போட்டாலும் பூச்சியம் பதினொன்று ஆகாது. எனவே தீர்வு இல்லை; கோடுகள் இணையானவை. விடைத்தாளில் 0 = 11 என்று எழுதிவிட்டு அப்படியே நிறுத்தாமல், "சமன்பாடுகள் ஒருங்கமைவற்றவை, தீர்வு இல்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். அதுதான் விடை.

பெரிய கெழுக்கள் இடம் மாறி வந்தால் குறுக்குவழி உண்டா?

உண்டு.

37ப + 63ல = 211
63ப + 37ல = 289

37-ஐயும் 63-ஐயும் பெருக்கப் போகாதீர்கள். கூட்டினால் 100ப + 100ல = 500, அதாவது ப + ல = 5. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 26ப − 26ல = 78, அதாவது ப − ல = 3. மறுபடி கூட்டினால் 2ப = 8; ப = 4, ல = 1. இங்கே இரண்டு சமன்பாடுகளையும் புதியவையாக மாற்றினோம். திரும்பிப்போக முடிகிறதா என்று கேட்டால், முடியும்: கூட்டல், கழித்தல் இரண்டும் கையில் இருந்தால் பழைய இரண்டையும் மீட்டுவிடலாம்.

மாறி பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, இருந்தால் இந்த முறை பயன்படுமா?

3/ப + 4/ல = 2, 9/ப − 8/ல = 1 போன்றவை நேரியச் சமன்பாடுகள் அல்ல. ஆனால் 1/ப = த, 1/ல = ர என்று வைத்தால் 3த + 4ர = 2, 9த − 8ர = 1 என்று நேரியதாகிவிடும். முதலாவதை 2-ஆல் பெருக்கிக் கூட்டினால் 15த = 5, த = 1/3; ர = 1/4. இங்கேயே நின்றுவிடாமல் ப = 3, ல = 4 என்று தலைகீழாக்கி எழுத வேண்டும்.

பிரதியிடல் முறையா, நீக்கல் முறையா?

ஒரு சமன்பாட்டிலிருந்து ஒரு மாறியை மற்றதன் வழியாக எழுதி, அதை இன்னொரு சமன்பாட்டில் போடுவது பிரதியிடல். ஏதாவது ஒரு மாறியின் கெழு 1 அல்லது −1 என்றால் பிரதியிடல் வசதி. இல்லையென்றால் பின்னங்கள் வந்து மொய்க்கும், நீக்கல்தான் நல்லது. ஒரு சமன்பாடு இருபடியாக இருந்தால் பெரும்பாலும் பிரதியிடல். மூன்று மாறிகளும் அதற்கு மேலும் வந்தால் யோசிக்கவே வேண்டாம், நீக்கல் முறைதான். குறுக்குப் பெருக்கல் முறை என்பது நீக்கலை எழுத்துகளை வைத்து ஒருமுறை செய்து முடித்து, அதன் விடையைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வது. சூத்திரம் மறந்தாலும் நீக்கல் கையில் இருக்கும்.

மூன்று மாறிகளுக்கு எப்படிச் செய்வது?

மூன்றை இரண்டாக்கு, இரண்டை ஒன்றாக்கு. இதைக் காட்ட மிகப் பழைய கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் தொகுக்கப்பட்ட "ஒன்பது அத்தியாயங்கள்" என்ற கணித நூலின் எட்டாம் அத்தியாயத்தில் முதல் கணக்கு இது. முதல் தரம், நடுத்தரம், கடைத்தரம் என மூன்று வகைத் தானியக் கதிர்க்கட்டுகள். முதல் தரத்தில் 3 கட்டு, நடுத்தரத்தில் 2, கடைத்தரத்தில் 1 சேர்ந்தால் 39 படி தானியம் கிடைக்கும். 2, 3, 1 என்று எடுத்தால் 34 படி. 1, 2, 3 என்றால் 26 படி. ஒவ்வொரு கட்டிலும் எவ்வளவு? (மூலத்தில் சீன அளவை, இங்கே படி என்று எழுதியிருக்கிறேன்.)

3ப + 2ல + ந = 39 … (1)
2ப + 3ல + ந = 34 … (2)
ப + 2ல + 3ந = 26 … (3)

ந-ஐ நீக்குவோம். (1)-இலிருந்து (2)-ஐக் கழித்தால் ப − ல = 5 … (4). (1)-ஐ 3-ஆல் பெருக்கி (3)-ஐக் கழித்தால் 8ப + 4ல = 91 … (5). இப்போது இரண்டு மாறிகள். (4)-ஐ 4-ஆல் பெருக்கி (5)-உடன் கூட்டினால் 12ப = 111, ப = 9¼. (4)-இலிருந்து ல = 4¼. (1)-இலிருந்து ந = 39 − 27¾ − 8½ = 2¾. பழைய நூல் தரும் விடையும் இதுவே.

இங்கே மாணவர்கள் வழுக்குவது இரண்டு இடங்களில். (1), (2)-இல் ந-ஐ நீக்கிவிட்டு, (1), (3)-இல் ல-ஐ நீக்கினால், கிடைப்பவை ப, ல உள்ள ஒரு சமன்பாடும் ப, ந உள்ள ஒரு சமன்பாடும், மாறிகள் குறையவில்லை. இரண்டு ஜோடிகளிலும் ஒரே மாறியையே நீக்க வேண்டும். இன்னொன்று, மூன்று சமன்பாடுகளும் பயன்பட்டிருக்க வேண்டும். (1), (2)-ஐ மட்டுமே வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் 0 = 0 என்று வரும்; (3) சொல்லும் செய்தி கணக்குக்குள் வரவே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இது ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் கண்டுபிடித்த முறை இல்லையா?

மேலே சொன்ன சீன நூலில் எண்களைக் கணக்குக் குச்சிகளால் பலகையில் நிரல்களாக (மேலிருந்து கீழான வரிசைகளாக) அடுக்கி, நிரலை நிரலால் பெருக்கிக் கழித்திருக்கிறார்கள். கழிக்கும்போது குறை எண்கள் வருமே. அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் அந்த அத்தியாயத்திலேயே விதிகள் உண்டு. கி.பி. 263-இல் அந்நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுய், மிகை எண்களுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்களுக்குக் கறுப்புக் குச்சி என்று குறிப்பிடுகிறார். ஐரோப்பாவில் நியூட்டனின் இயற்கணித விரிவுரைகள் 1707-இல் அச்சானபோது அதிலும் நீக்கல் விளக்கப்பட்டிருந்தது. காஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணிக்கும்போது எழுந்த சமன்பாடுகளைத் தீர்க்க ஒழுங்கான குறியீட்டோடு இதைக் கையாண்டார். 20ஆம் நூற்றாண்டில் அவர் பெயர் முறைக்கே நிலைத்துவிட்டது. காஸின் பங்கு பெரியது. ஆனால் முறை அவருக்கு 1700 ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

மேல்வகுப்பில் வரும் அணிகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மாறிகளை எழுதாமல் கெழுக்களை மட்டும் இடம் மாறாமல் எழுதினால் அணி. வலப்பக்க எண்களையும் கடைசி நிரலாகச் சேர்த்தால் விரிவுபடுத்தப்பட்ட அணி. நிரைகளை (கிடை வரிசைகளை) இடம் மாற்றலாம், பூச்சியமில்லாத எண்ணால் பெருக்கலாம், ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றோடு கூட்டலாம். மூன்றுமே திரும்பிப்போகக்கூடியவை, இரண்டாவது கேள்வியில் பார்த்த அதே நியாயம். கடைசியில் கிடைப்பது ஏறுபடி வடிவம். கீழ் நிரையில் ஒரே மாறி இருக்கும். அதிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி வர வேண்டும்.

கணினியும் இப்படித்தான் தீர்க்கிறதா?

ஆம், அடிப்படை இதுதான். காரணம் வேலையின் அளவு. 10 மாறிகளுக்கு நீக்கல் முறையில் 430 பெருக்கல், வகுத்தல்கள் போதும். அணிக்கோவைகளால் (அணியின் எண்களைப் பெருக்கிக் கூட்டியும் கழித்தும் கிடைக்கும் ஒற்றை எண்களால்) விடை காணும் கிராமர் விதியை, அவற்றை நேரடியாக விரித்துச் செய்தால் 11 அணிக்கோவைகள்; ஒவ்வொன்றிலும் 36,28,800 உறுப்புகள். மாறிகள் மிகப் பலவாகும்போது நீக்கலின் வேலை ஏறக்குறைய அவற்றின் எண்ணிக்கையின் கனத்துக்கேற்ப (மூன்றாம் அடுக்குக்கேற்ப) வளரும். மாறிகள் இரட்டித்தால் வேலை எட்டு மடங்கு.

கணினிக்கு ஒரு சிக்கல் உண்டு: எண்களின் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொள்ளாது, சில இலக்கங்களோடு நிறுத்தி முழுமையாக்கிவிடும். எந்த எண்ணையும் மூன்று முக்கிய இலக்கங்களுக்கு முழுமையாக்கி, மீதி இடங்களில் பூச்சியம் வைக்கும் இயந்திரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள்.

0.0001ப + ல = 1
ப + ல = 2

உண்மையான விடையில் இரண்டுமே கிட்டத்தட்ட 1. முதலாவதை 10000-ஆல் பெருக்கி ப-ஐ நீக்கினால் −9999ல = −9998. மூன்று இலக்கத்தில் இரண்டும் −10000 ஆகிவிடும்; ல = 1. முதலாவதில் போட்டால் 0.0001ப = 0, ப = 0. முற்றிலும் தவறு. ப + ல = 2 என்பதை மேலே வைத்து, அதன் 0.0001 மடங்கைக் கழித்தால் ல = 1, ப = 1 என்று சரியாக வருகிறது. சமன்பாடுகள் அதேதான், வரிசைதான் மாறியது. ஆகவேதான் ஒவ்வொரு கட்டத்திலும் நீக்கப்போகும் மாறியின் கெழு எந்த நிரையில் மிகப் பெரியதோ, குறியைக் கணக்கில் கொள்ளாமல், அதை மேலே கொண்டுவரும்படி கணினி நிரல்கள் (புரோகிராம்கள்) எழுதப்படுகின்றன.

பயிற்சிக் கணக்குகளை நானே உருவாக்க முடியுமா?

தாராளமாக. விடையிலிருந்து தொடங்குங்கள். ப = −2, ல = 7 என்று வைத்துக்கொண்டு, இடப்பக்கங்களை விருப்பம்போல் எழுதுங்கள்: 5ப + 3ல, 4ப − 2ல. மதிப்பைப் போட்டால் வலப்பக்கம் −10 + 21 = 11, −8 − 14 = −22. கணக்கு தயார். முன்னதாக ஒன்றை மட்டும் பாருங்கள்: முதலாவதன் ப-கெழுவை இரண்டாவதன் ல-கெழுவால் பெருக்கினால் வருவதும், குறுக்கே மற்ற இரண்டைப் பெருக்கினால் வருவதும் சமமாக இருக்கக் கூடாது. இங்கே 5 × (−2) = −10, 3 × 4 = 12; சமமில்லை, எனவே தீர்வு ஒன்றே ஒன்று. சமமாக வந்தால் இரு மாறிகளும் சேர்ந்து மறையும் கணக்காகிவிடும். அந்த வகையிலும் இரண்டு மூன்று வேண்டுமென்றே கலந்து, ஒரு வாரம் கழித்து எடுத்துப் போட்டுப் பாருங்கள்.